பிற்பகல் மரம்

வழக்கில் நான்தான் ஜெயித்தேன்.
சேலம் கோர்ட்டில் பதினேழு வாய்தா.
ஒவ்வொன்றுக்கும் இருபது கொண்டை ஊசி இறங்கி
இருபதும் திரும்ப ஏறி,
கடைசியில் தாளில் எழுதித் தந்தார்கள்:
இஞ்ஞாசியின் பட்டர் ஃப்ரூட் மரம்
என் காப்பிக் களத்தில் நிழல் விழுத்துவது நிஜம்.

வெட்டிய அன்று அவர் வெளியே வரவில்லை.
ரம்பச் சத்தம் நாகலூர் பஸ் நிறுத்தம் வரை கேட்டதாம்.
களத்தில் வெயில் விழுந்தது.
காப்பி இரண்டு நாள் முன்னதாகக் காய்ந்தது.
அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த தையில் என் மரம்
இலை தெரியாமல் பூத்தது.
கொசுத்தேனீ மொய்த்தது.
ஆனியில் அண்ணாந்தால் நான்கே காய்.
முந்தின வருஷம் டெம்போவில் ஏற்றிய மரம்.
சாணம் வைத்தேன், போரான் தெளித்தேன்,
கண்பட்டிருக்கும் என்று செருப்புக்கூடக் கட்டினேன்.
மறு ஆனியில் காய்த்ததற்கு
விதையே இல்லை,
கோவைக்காய் போல் விரலளவு நீண்டு உதிர்ந்தது.

தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஷம்ஷாத் வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
காலை ஒன்பதரைக்கு ஒரு பூவைக் கிள்ளி
உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.
"இப்ப இது பொண்ணு சார்.
மத்தியானத்துக்குள்ள மூடிக்கும்.
நாளைக்கு மத்தியானம் திறக்கும்போது ஆணு.
ஒரு பூ ரெண்டு பூ இல்ல,
மரம் மொத்தமும் ஏறக்குறைய ஒரே கடிகாரம்.
பொண்ணா இருக்கற நேரத்துல
மகரந்தம் தர இதுல ஆளே இருக்காது.
நேர்மாறா ஒரு ரகம் உண்டு,
காலைல ஆணு, மத்தியானம் பொண்ணு.
பக்கத்துல எங்கயாவது இருந்துச்சா?"

டம்ளர் எடுக்க வந்த திரவியம்
டம்ளரை எடுக்காமலே உள்ளே போனாள்.

இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான்.
வேலி தாண்டி வந்த எல்லாவற்றுக்கும்
என்னிடம் கணக்கு உண்டு:
சருகு, கோழி, ஜெபக்கூட்டத்து மைக், நிழல்.
இது மட்டும்
காலைதோறும் டிக்கெட் இல்லாமல் ஏறி
என் மரத்தில் இறங்கியிருக்கிறது.
மத்தியானம் என்னுடையதும் அங்கே போயிருக்கும்.
அந்த வரவை அவர் வக்கீலும் காட்டவில்லை.

வெட்டிய அடிமரம் துளிர்த்திருந்தது.
எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்,
அதற்கு ஒரு வாரம் பிடித்தது.
பிறகு சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாகப் போனேன்.
வேலியில் திட்டி வாசல் ஒன்று உண்டு,
ஆனால் அதன் பூட்டு என்னுடையது.

"ஒட்டுக் கட்ட ஒரு கொம்பு வேணும்."
இஞ்ஞாசி கேட்டுக்கொண்டு நின்றார்.
மூன்று வருஷத்தில் அவருக்குக்
காது மடலில் முடி நரைத்திருந்தது.
"நிழல் விழுமே," என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளே போனார். கதவு சாத்திய சத்தம்.
சரி, கிளம்பலாம் என்று திரும்பினபோது
பின்பக்கமாகக் கத்தரியோடு வந்து
பென்சில் கனத்தில் மூன்று கொம்பு நறுக்கி
ஈரச் சாக்கில் சுற்றித் தந்தார்.
"ஒண்ணு கேட்டீங்க. ரெண்டு பட்டுப்போகும்."

கட்டி இன்றைக்குப் பதினாறு நாள்.
பாலித்தீன் உறைக்குள் வேர்த்திருக்கிறது,
மொட்டு பச்சையா கறுப்பா தெரியவில்லை.
அவிழ்த்துப் பார்க்கக் கூடாதாம்.
ஏணியிலிருந்து இறங்குகிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் இஞ்ஞாசி,
என்னை அல்ல,
மரத்தைப் பார்த்துக் கேட்கிறார்:
"என்ன, பிடிச்சிருக்கா?"