சந்தாப் பாக்கி

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்த
இருபது நிமிடத்தில்
எனக்குப் போட வாங்கிய மாலை
செயலாளர் மடியிலேயே வாடத் தொடங்கியது.
சரக்கு வண்டி. ஐம்பத்தெட்டுப் பெட்டி.
எண்ணினேன். வேறென்ன செய்ய.

வெஸ்ட்ரி சுவரில் பதினோரு போதகர்கள்
சட்டத்துக்குள் நெஞ்சு நிமிர்த்தி.
பன்னிரண்டாவது ஆணி அடித்துத் தயாராக.
"உங்களுக்குத்தான்" என்றார் பொருளாளர் சற்குணராஜ்.
"ஐயான்னே கூப்பிட்டுப் பழகிட்டோம், அம்மான்னு
வாய்ல வர கொஞ்ச நாள் ஆவும்."

முன்னவர் விட்டுப்போன அங்கி
என்னைவிட ஒரு சாண் நீளம்.
எலியாவின் சால்வை எலிசாவுக்கு
அளவாக இருந்ததா என்று
வேதத்தில் எழுதவில்லை.

எம்.சி. ரோடு சந்தில் ஜமால் பாய்
முழங்காலில் உட்கார்ந்து
வாயில் குண்டூசியோடு கேட்டார்:
"வெட்டிடவா, உள்ள மடிச்சுத் தச்சிடவா?
அடுத்து வர்றவங்க உசரமா இருந்தா?"
மடித்தே தைக்கச் சொன்னேன்.
நடக்கும்போதெல்லாம் அந்த மடிப்பு
கணுக்காலில் இடிக்கிறது.

அலமாரியில்
கரையான் தின்றது போக
அடக்கப் பதிவேடு.
அதற்கடியில் ஏழாம் போதகர்
தேவஇரக்கம் ஐயரின் நோட்டு.
சுவரில் இருப்பவர்களில் அவர்தான் அழகு.
வெள்ளத்தில் கட்டுமரம் ஏறிப் போய்க்
குடிசை குடிசையாய்ச் சோறு கொடுத்தாராம்.
சபைநாள் தோறும் சொல்கிறார்கள்.

நோட்டில் அது இல்லை.
"புதன். பதினான்காம் வீட்டில் உலை வைக்கவில்லை.
கமிட்டிக்குத் தெரியாமல் இரண்டு படி."
பிறகொரு ஆடி மாதம், பென்சிலில்:
"மில் யேசடியானின் பெட்டியை
ஆலயத்துக்குள் விடவில்லை.
சந்தாப் பாக்கி முப்பத்தாறு மாதம்.
விதி என்றேன்.
வாசலில் வைத்தே அழுதார்கள்.
இரவு சாப்பாடு இறங்கவில்லை.
இதை யாரிடம் சொல்வேன்."

நாற்பத்தொரு வருடம் கழித்து
என்னிடம்.

போன வெள்ளிக்கிழமை
யேசடியானின் மகள் கிருபைமணி செத்துப்போனாள்.
மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தவள்.
மகன் தீமோ ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு
கேட்டுக்கு வெளியிலேயே நின்று சொன்னான்:
"வாசல்ல வச்சு ஜெபம் பண்ணா போதும்மா.
எங்க வூட்ல அதான் பழக்கம்."

பொருளாளர் பேரேட்டை விரித்தார்.
ஒன்பது வருடம் பாக்கி.
"தேவஇரக்கம் ஐயர் காலத்து விதி.
பாரம்பரியம்னு ஒண்ணு இருக்கில்ல?"
இருக்கிறது.
நோட்டை அவர் பக்கம் திருப்பினேன்.
கண்ணாடி போட்டு வாசித்தார்.
கழற்றினார். மறுபடி போட்டார்.
"பென்சில்ல எழுதுனது
கணக்குல வராதுங்க."

ஒரு கதவு வழியே பெட்டி நுழையாது.
கலியாணத்துக்கு மட்டும் திறக்கிற மறுகதவில்
தாழ்ப்பாள் துருவேறிக் கிடந்தது.
குனிந்து செங்கல்லால் நானே தட்டினேன்.
நாலாம் தட்டில் தாழ் விலகியது,
ஆணியில் மாட்டி
அங்கியின் மடிப்பும் பிரிந்தது.
தேவஇரக்கம் ஐயர் அளவுக்கு நீண்டு
தரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது என் பின்னால்.

தீமோ முன் வலது தோள்.
நிலைப்படி வந்ததும் அவன் கால்
தானாக நின்றது.
பின்னால் தூக்கியவர்கள் இடித்துக்கொண்டார்கள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு உள்ளே வந்தான்.

காசிமேட்டுக் கல்லறைக்குப் போகும் வழியில்
மறுபடியும் கேட்.
மறுபடியும் சரக்கு வண்டி.
வெயிலில் வேன் நின்றது, நாங்கள் நின்றோம்.
பக்கத்தில் ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து
இன்ஜினை நிறுத்தியது.
சற்குணராஜ்.
என் பக்கம் பார்க்கவில்லை.
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது,
ஜெபமாக இருக்கலாம்.
பெட்டிகளை எண்ணிக்கொண்டும் இருக்கலாம்.