நாலு மடங்கு வர்க்கமூலம்

துளை பெரிதானால் காற்று நிறைய வரும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள் தயாளன் படையாச்சிக்கு.
இரண்டு ராத்திரி தூங்காமல்
சிலிண்டர் ஹெட்டின் நாலு உள்வாயையும்
தானே குடைந்து
சனிக்கிழமை காலை என் மேசைமேல் வைத்தான்,
துவாலையில் சுற்றி, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவதுபோல.

அலுமினியம் கண்ணாடியாய் மின்னியது.
"முப்பத்தாறு மில்லி, அக்கா."
முப்பத்திரண்டாக இருந்தது அது.

க்ளேர்வுட்டில் லாரி போனால்
என் கொட்டகைத் தகரம் நடுங்கும்,
மானோமீட்டர் தண்ணீரும் நடுங்கும்.
லாரி போகட்டும் என்று நின்று, பிறகுதான் வாசிப்பேன்.
ஆறு வாக்குவம் க்ளீனர் மோட்டார்,
ஒரு பலகைப் பெட்டி,
அளவுகோலில் ஒட்டிய கண்ணாடிக் குழாய்,
வளைத்த ஊசி ஒன்று. இவ்வளவுதான் என் சாமான்.
ஊசியைக் காற்றுக்கு எதிரே நீட்டினால்
காற்று தண்ணீரைத் தள்ளும்.
ஏறிய மில்லிமீட்டருக்கு வர்க்கமூலம் எடு,
நாலால் பெருக்கு:
நொடிக்கு இத்தனை மீட்டர்.
கடல்மட்டத்துக் கணக்கு. டர்பனுக்குச் சரி.

முன்பு பல் டாக்டரிடம் அச்செடுத்தவள் நான்.
அதே பசையைத்தான் இந்த வாய்க்குள்ளும் ஊற்றுகிறேன்.
இறுகியதும் உருவினால்
இஞ்சிபோல் வளைந்த நீலத் துண்டு வரும்,
ஒன்றுமில்லாத இடத்துக்கு ஓர் உடம்பு.
வாழைக்காய் சீவுவதுபோல் சீவி
கட்டத்தாளில் வைத்து வரைந்து
கட்டங்களை எண்ணினேன்:
ஆயிரத்துப் பதினெட்டு சதுர மில்லி.

ஏழாயிரத்தைந்நூறு சுற்றில்
பிஸ்டன் நொடிக்குப் பத்தொன்பது மீட்டர் சொச்சம் ஓடும்.
அதன் முகம் துளையைப்போல் எத்தனை மடங்கோ
அத்தனை மடங்கு காற்று அவசரப்படும்.
பழைய துளைக்கு நூற்றிருபத்து நாலு.
அவன் குடைந்ததற்குத் தொண்ணூற்றெட்டு.

"அப்படியென்றால்?"
"தெருவை அகலமாக்கிவிட்டாய்.
எல்லாரும் உலாத்தப் போகிறார்கள்."

நம்பவில்லை.
ஊசியைக் கூரைப்பக்கம் வைத்தேன்.
அறுநூற்றிருபத்தைந்து. இருபத்தைந்து நாலு நூறு.
கீழே, வால்வை நோக்கி வளைவு இறங்குமிடத்தில் வைத்தேன்.
வெறும் நூறு. பத்து நாலு நாற்பது.
அங்கே காற்று தரையைத் தொடவேயில்லை,
திருப்பத்தில் பிரேக் போடாத டாக்ஸிபோல
எதிர்ச்சுவருக்குப் பறக்கிறது.

மூன்றாவது துளையில் கரண்ட் போயிற்று.
இரண்டு மணிக்கென்று அட்டவணையில் போட்டிருந்தார்கள்,
ஒன்று நாற்பதுக்கே.
மோட்டார்கள் ஒவ்வொன்றாய்ப் பெருமூச்சுவிட,
குழாயில் தண்ணீர் சமமாகி
எதையும் அளக்காமல் நின்றது.
பக்கத்துக் கொட்டகையிலிருந்து பெக்கானி கத்தினான்:
"உமோயா போச்சா?"
காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும்
ஜூலுவில் அந்த ஒரே சொல்தான்.

"இரண்டு ராத்திரியும் வீணா, அக்கா?"
நான் பதில் சொல்லவில்லை.
எடுத்த உலோகம் திரும்பாது.
போன் வெளிச்சத்தை அவன் பிடிக்க
எபாக்ஸியைக் குழைத்து
தரையை விரல்நுனியால் மூன்று மில்லி உயர்த்தினேன்.
அவன் கை ஆடியது. என் நிழல் துளைக்குள் ஆடியது.

செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் முந்நூற்றிருபத்து நாலு.
பதினெட்டு நாலு எழுபத்திரண்டு.
சிரித்தான், முதல்முறையாக.

பிறகுதான் சொல்கிறான்,
பந்தயம் ஜோஹானஸ்பர்க்கில் என்று.

அந்த மேட்டில் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிவு.
என் நாலு அங்கே நாலரையாகிவிடும்.
"வேகம் குறையாது தயாளா,
பிஸ்டன் இழுக்கிற இழுப்புக்கு ஓடிவரத்தான் செய்யும்.
ஆனால் கையை வீசிக்கொண்டு வரும்."
"என் மாமனார் மாதிரி" என்றான்.

கால் நொடியில் தோற்றான்.
டயர், க்ளட்ச், பச்சை விளக்கு, மாமனார்
என்று அரைமணி நேரம் போனில் காரணம் சொன்னான்.
துளையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.
கூலி இன்னும் வரவில்லை.
ஜன்னலோரம் நீலத் துண்டுகள்,
லாரி போகையில் கொஞ்சம் நகர்கின்றன.