தண்ணீரின் எடை

ரே ரோட்டில் மன்சூக்லாலின் மரக்கிடங்கு.
பரேலில் இடித்த சாளிலிருந்து வந்த பர்மா தேக்கு,
அறை எண் இருபத்தாறின் நிலைக்கால்,
இரண்டு வாரமாய் மழையில் கிடந்தது.
கிலோ நூற்றுப்பத்து. பதினொரு கிலோ.
தண்ணீரையும் சேர்த்துத்தான் நிறுக்கிறான்
என்பது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும்.

சயான் கோலிவாடாவில் ஒற்றை அறை.
காந்தத்தை மெல்ல ஓட்டுகிறேன்.
ஓரிடத்தில் கை தானாக நிற்கிறது:
பெயின்ட்டுக்கு அடியில் தலையில்லாத ஆணி.
பிடுங்கினால் சுற்றிலும் கருநீலக் கறை,
யாரோ மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல.

அறுத்த துண்டுகளில் பென்சிலால் எடை எழுதினேன்.
ஜூலை ஆறு, முப்பத்தெட்டு கிராம்.
பதின்மூன்று, முப்பத்தைந்து.
இருபது, முப்பத்தாறு.
அன்று தண்டவாளம் மூழ்கியிருந்தது.
அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.
சோற்றில் தேக்கு மணக்கிறது என்றாள் எஸ்தர்,
இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டே.

செப்டம்பரில்
முப்பத்தொன்றில் நின்றது, அசையவில்லை.
ஏழு மில்லிமீட்டர் துளை, பித்தளைக் குழல், பசை.
கடைசலில் சூடேறியதும்
பழைய தோல்பையின் வாசம்.
கறைத் துண்டை முதலில் ஒதுக்கியவன்தான் நான்.
உளி அதைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்தினேன்.
வெகுநேரம் பார்த்தேன்.
அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தப் பேனாவைத்தான் மன்சூக்லாலிடம் நீட்டினேன்.
பழக்கதோஷம், தராசில் வைத்தான்.
முள் மதிக்கவே இல்லை.
சிரித்தபடி மூடியைத் திருகி
அதைக்கொண்டே எழுதினான் அடுத்த பில்:
பதின்மூன்று கிலோ.

வெளியே
தார்ப்பாய் போடாத மரங்களின் மேல்
போகிற மழை
இன்னொரு முறை பெய்தது.