ஓரத்தில் நாலு விரல்

பேர்ண் அச்சகத்திலிருந்து போன்:
"படத்தின் இடது ஓரத்தில் யாருடையவோ விரல்கள்.
வெட்டி விடட்டுமா?"

பெரிதாக்கிப் பார்த்தேன்.
நீலத் துணியின் விளிம்பை இறுகப் பற்றியபடி
நாலு விரல்.
சுட்டுவிரலில் ஊத்தை படிந்த பிளாஸ்டர்.

அன்று வியாழன்.
புர்க்டோர்ஃப் பள்ளிக்கூட முற்றத்தில்
வாடைக்காற்று பின்துணியைப் பாயாக்கி
எங்கேயோ புறப்படப் பார்த்தது.
விளையாட்டு மண்டபத்திலிருந்து வாங்குகளைச் சுமந்து வந்து,
உயரம் பார்த்து அடுக்கி,
ஆடுகிற காலொன்றுக்கு அட்டை மடித்துச் செருகி,
இருபத்தாறு ஆசிரியரையும் ஏற்றிவிட்டுப்
பெசிம் துணிக்குப் பின்னால் போனார்.
சிரிக்கச் சொன்னார்கள்.
அவரும் சிரித்திருப்பார்,
துணிக்குத்தான் தெரியும்.

பிளாஸ்டரின் கதை எனக்குத் தெரியும்.
முதல் நாள், லியானின் கேள்கருவி
மழைநீர் வடிகாலுக்குள் விழுந்துவிட்டது.
இரும்புக் கிராதிக்குள் தோள்வரை கைவிட்டு
எடுத்துக் கொடுத்தவர் அவர்.
ஏன் ஈரமாயிருக்கிறதென்று
அன்று பின்னேரம் தாய் எடுத்த போனுக்கு
மன்னிப்புக் கேட்டவள் நான்.

லூர்தெஸ் அந்த வேளை சமையலறையில்
வேர்க்கடலை ஆகாத ஒன்பது பிள்ளைகளுக்குத்
தனிக் கரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.
பட்டியல் பார்ப்பதில்லை; முகம் போதும்.
யோகராணி அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
இங்கே அவ வருவது ஆறு மணிக்குப் பிறகு,
கதிரைகள் எல்லாம் தலைகீழாய்க் கிடக்கிற நேரம்.
நிலத்தில் கிடந்த அழிறப்பரை எடுத்து
எந்த மேசைக்கு உரியதென்று
கடித்த தடம் பார்த்துச் சொல்லுவா.
அந்தப் பிள்ளைகளை ஒருநாளும் கண்டதில்லை.

நானா?
முற்றத்தில் எல்லாரும் நிற்கையில்
கந்தோரில் மணி அடிக்கக் கூடாதல்லவா,
அடித்தால் எடுக்க ஒராள் வேண்டாமா?

"வெட்ட வேண்டாம்" என்றேன்.
படத்துக்குக் கீழே பெயர் வரிசை,
இடமிருந்து வலம் என்பதுதான் இங்கு வழக்கம்.
வழக்கத்தை மாற்ற நான் யார்?
முதற் பெயராய்த் தட்டினேன்:
பெசிம் ஷலா, விரல்கள்.
அதற்குப் பிறகுதான் அதிபர்.

அதிபர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.
திரும்ப வாசித்தார்.
கையெழுத்துப் போட்டார்.

பெசிமுக்குக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார், ஆனால் விரலை அல்ல.
"அந்த வாங்கு இன்னும் ஆடுது" என்றபடி
திறப்புக் கோர்வையோடு படியிறங்கினார்.

மறுபடி பேர்ணிலிருந்து போன்:
"அந்தப் பிளாஸ்டரையாவது அழிக்கட்டுமா?"

வேண்டாம்.
காயம் இன்னும் ஆறவில்லை.