காருக்கு ஒரு பை

புயல் மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போய்
இன்றோடு மூன்று நாள்.
கிளான்டன் முழுக்க ஃப்ரிட்ஜ்கள் வாய் பிளந்து கிடக்கின்றன.
அலபாமாவின் ஜூலை மாதம்
பிழியாத துணிபோல் பிடரியில் ஒட்டிக்கொண்டு
இறங்க மாட்டேன் என்கிறது.

பழக்கிடங்கில் அடிபட்ட பீச், கூடை எட்டு டாலர்.
வாங்கி வந்த பிறகுதான் உறைத்தது:
பழம் இருக்கிறது, டீப்பை இருக்கிறது,
என் அடுப்பு கேஸ் அடுப்பு, அதுவும் எரிகிறது.
ஐஸ் இல்லை.
ஐஸ் இல்லாத ஐஸ் டீக்கு என்ன பெயர்?

கடை வாசலில் அட்டையில் எழுதியிருந்தார்கள்:
ஒரு காருக்கு ஒரு பை.
எனக்குக் கார் இல்லை.
ஏன் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.
அப்பாவின் பச்சை ட்ரக்கை அக்கா கோரலீ
ஓட்டிக்கொண்டு போன நாளிலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
இரண்டு ஈஸ்டர் ஆயிற்று.
தேவாலயத்தில் அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.

வெறுங்கையோடு நடந்து திரும்பினேன்.
வீம்புக்குப் பழம் நறுக்கினேன்,
கன்றிய இடங்களை மட்டும் செதுக்கி எறிந்துவிட்டு.
தோலைச் சீவவில்லை. தோலில்தான் நிறம்.
சர்க்கரை இரண்டு கை, தண்ணீர் ஒரு கை.
கூழாகக் குழைந்து அது கொப்புளிக்கையில்
ஜன்னல் வலையில் ஒரு குளவி
வந்து முட்டிப் போய் வந்து முட்டியது.

ஆறு டீப்பை, ஐந்து நிமிடம்.
பிழியக் கூடாது,
பிழிந்தால் கசப்பும் கூடவே இறங்கும்.
ஒரு சிட்டிகை சோடா உப்பு.
இங்கே எல்லோரும் போடுகிறார்கள், நானும் போடுகிறேன்.

அப்போதுதான் அந்த இருமல்.
எந்த ட்ரக் என்று எட்டிப் பார்க்கத் தேவையில்லை.

கோரலீ இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.
"உன்னுது கேஸ் அடுப்புதானே.
மூணு நாளா சூடா ஒண்ணும் தொண்டையில இறங்கல."
பக்கத்து இருக்கையில்
சீட் பெல்ட் போட்ட பத்து பவுண்டு ஐஸ் பை,
அழுத குழந்தைபோல் சொட்டிக்கொண்டு.
"காருக்கு ஒரு பை," என்றாள்,
"கார் யாருதுன்னு அவங்க கேக்கல."

நான் பதில் சொல்லவில்லை.
பெரிய ஜாடியை எடுத்து வைத்தேன்.

ஆறவிடப் பொறுமையில்லை.
கொதிக்கிற டீயை ஐஸின் தலையில் கவிழ்த்தேன்.
படபடவென்று வெடித்தது.
ஜாடி முழுக்கக் கலங்கல்,
பாத்திரம் கழுவிய தண்ணீர்போல.
"கொட்டிடாதே," என்றாள்.
கெட்டிலில் மிஞ்சிய கொதிநீரைக் கொஞ்சம் விட்டு
நீளக் கரண்டியால் மெல்லச் சுற்றினாள்.
சுற்றச் சுற்றத் தெளிந்தது.
ஜாடிக்கு அந்தப் பக்கம் அவள் விரல்கள் தெரிந்தன.
எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் மற்ற கேள்விகளும் வரிசையில் வந்து நிற்கும்.

பீச் பாகை வடிகட்டி ஊற்றிக் குடித்தோம்.
முதலில் பழம், அப்புறம் துவர்ப்பு,
கடைசியில் பல் கூச்சம்.
தெருக்கோடிக் கம்பத்தில் வேலை செய்த
ஒஹாயோ ஆட்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.
ஒருவன் குடித்துவிட்டுச் சர்க்கரை ஜாஸ்தி என்றான்.
"வடக்கத்திக்காரன்," என்றோம்
இருவரும் ஒரே நேரத்தில்.

ஐந்தரைக்குக் கரண்ட் வந்தது.
ஃப்ரிட்ஜ் முனகிக்கொண்டு எழுந்தது,
அணைக்க மறந்த விசிறி திடுக்கிட்டுச் சுழன்றது.
விளக்கு வெளிச்சத்தில்
முகம் பார்க்கக் கூச்சமாகிவிட்டது எங்களுக்கு.
"சரி, வரேன்," என்றாள்.
மிச்ச ஐஸைத் தொட்டியிலேயே விட்டுப் போனாள்.

ட்ரக் கிளம்பவில்லை.
இருமியது, நின்றது, இருமியது.
எனக்குத் தெரியும் அதன் குணம்:
இரண்டாம் கியரில் போட வேண்டும்,
பின்னாலிருந்து ஒருத்தர் தள்ள வேண்டும்.
அவளுக்கும் தெரியும்.
ஹார்ன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
கையெல்லாம் பீச் பிசுபிசுப்பு.
பின்பலகையில் என் பத்து விரலும் பதிந்திருக்கும்.
கழுவுகிறாளா, பார்ப்போம்.