நடுப்பாலத்து மேடு

பதினோரு வருடம் இந்தப் பாலத்தின் வாசலில்
உட்கார்ந்திருந்தேன்.
வலது கை மட்டும் கறுத்தது.
கண்ணாடி இறங்கும், ஒரு கை வரும்,
ஏழு வெள்ளி, ரசீது, தெரிமா காசே.
முகங்களைப் பார்த்ததில்லை.
மோதிரங்களைத் தெரியும்.
பிறகு அட்டையைக் காட்டினால் தானே எழும் கம்பி வந்தது.
என் நாற்காலியை எங்கே போட்டார்களோ.

இன்று விடிகாலை மூன்று மணி.
குவீன்ஸ்பே கடலோரச் சாலையில்
கோடாலித் தைலம் மணக்க நிற்கிற கூட்டத்தில்
நானும் ஓர் எண்.
நான்கு ஊக்குகளில் ஒன்று தொலைந்து
ஒரு மூலை காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறது.
"எம்பது வெள்ளி கட்டியா ஓடப்போற?
சும்மா ஓடுனா ரோடு வேணாங்குதா?"
தூக்கத்திலேயே கேட்டாள் திலகேஸ்வரி.
ஏழு வெள்ளிக்கு என்னிடம் முணுமுணுத்த
அத்தனை பேரையும் அப்போது மன்னித்தேன்.

முதல் ஐந்து கட்டைக்கு நான் குதிரை.
கிளினிக் தாதி எழுதித் தந்த இனிப்புநீர்,
வீட்டுத் தவணை,
பாயான் லெப்பாஸில் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும் முழங்கால்
யாரும் கூட வரவில்லை.
ஆறாவது கட்டையில்
எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

பாலத்துக்கு நடுவில் ஒரு மேடு இருக்கிறது.
காடியில் போனவர்கள் சொன்னதில்லை.
காசு வாங்கினவனுக்குத் தெரியாது.
தினமும் மோட்டாரில் கடக்கிறவனுக்கும் தெரியாது.
தொடைக்குத்தான் தெரியும்.
இணைப்பில் விரித்த ரப்பர் பாயின் ஓரத்தில்
இரண்டு விரல் சந்து;
அதற்குள் கடல்.
ஒரு மீன்படகின் விளக்கு
என் பாதத்துக்கு அடியில் மெதுவாகக் கடந்து போனது.

அறுபது தாண்டிய சீன அம்மாள் ஒருத்தி,
இடுப்பில் குட்டி ரேடியோ பாட,
என்னை முந்தினாள்.
"எண்ணெய் ஊத்து, எண்ணெய் ஊத்து" என்றாள் மலாயில்.
டாங்க்கே ஓட்டை அம்மா என்று சொல்ல
மூச்சு இல்லை.

பத்தாம் கட்டைக்குக் கொஞ்சம் அப்பால்
பிறை டோல் விளக்குகள் தெரிந்தன.
மூன்றாவது தடம் என்னுடையது.
காலால் போய்ச் சேரலாம் என்றிருந்தேன்.
நடுவில் ஒரு சிவப்புக் கூம்பு,
ஒளிக்கோலோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்:
"பூசிங், அங்கிள், பூசிங்."
அதுவரை போக முழு மாரத்தான் ஓட வேண்டுமாம்.
கூம்பைத் தொட்டுத் திரும்பினேன்.
போய் என்ன செய்வதாக இருந்தேன்?
தெரியவில்லை.

கெண்டைக்கால் என்று ஏன் பெயர் வைத்தார்கள்
என்பது பதினேழாம் கட்டையில் புரிந்தது.
உள்ளே ஒரு மீன் துள்ளியது,
தூண்டில் முள்ளோடு.
தடுப்புச் சுவரைப் பிடித்தபடி நின்றேன்.
பின்தங்கியவர்களை அள்ளும் கடைசி பஸ்
ஊர்ந்து வந்து பக்கத்தில் நின்றது.
உள்ளே ஏர்கோன், மஞ்சள் வெளிச்சம்,
செருப்புக்கு மாறிய கால்கள்.
கண்ணாடி இறங்கியது, ஒரு கை வந்தது.
பச்சைக்கல் மோதிரம்.
"நாயெக்?"

என் வலது கை தானாக நீண்டது.
பழக்கம்.
பாதியில் மடக்கிக்கொண்டேன்.
"தெரிமா காசே, பாங்."
கம்பியைத் தூக்கிவிட்டது போல
பஸ் நகர்ந்தது.

விடிந்துவிட்டது.
முடிவு வளைவு காற்றிறங்கி மண்டியிட்டுக்கொண்டிருந்தது.
குனிந்துதான் நுழைந்தேன்.
பதக்கம் தீர்ந்துபோச்சு, தபாலில் வரும்,
விலாசம் எழுதுங்கள் என்றாள் முக்காடிட்ட பெண்.
வேர்வை சொட்டி வீட்டு எண் கரைந்தது.
அதன் மேலேயே மறுபடி எழுதினேன்.
பாதி வாழைப்பழம் கிடைத்தது.
மறுபாதி யாரிடமோ.

மோட்டார் மேல் காலைத் தூக்கிப்போட
நான்கு முறை ஆனது.
திரும்பும் வழியில், நடுப்பாலத்தில்,
கியரை ஒன்று குறைத்தேன்.
மோட்டாருக்கு அது தேவைப்படவில்லை.