தாள் தொடாத நேரம்

தரமணியில் ரயிலேறி, பீச்சில் இறங்கி,
ஷேர் ஆட்டோவில் லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு
காசிமேட்டுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது
மணி பதினொன்று. கரண்ட் இல்லை.
ஐந்தாம் வகுப்பு, பி செக்‌ஷன்.
நாற்பத்தொரு பிள்ளைகள்,
என்னிடம் ஒரே டேப்லெட்.

அதன்மேல் கோடு போட்ட தாள், தாளுக்கு கிளிப்,
கையில் நிஜமான மைப் பேனா.
எழுத்து தாளில்தான் விழும்.
அடியில் இருப்பது
வினாடிக்கு இருநூறு தடவை
முனை எங்கே, எவ்வளவு அழுத்தம், எந்தச் சாய்வு
என்று குறித்துக்கொண்டே இருக்கும்.
பேனாவைத் தூக்கினாலும் விடாது,
ஒரு விரற்கடை உயரம் வரைக்கும்.

சோதனை வாக்கியம் நான் தேர்ந்தெடுத்தது:
பழம் நழுவிப் பாலில் விழுந்தது.
மூன்று ழகரம், அத்தனை வளைவு.
மீட்டிங்கில் எல்லோரும் பாராட்டினார்கள்.

எபினேசர் எழுதினான்:
பயம் நயுவிப் பா
அதோடு நேரம் முடிந்தது.

எழுத்துப்பிழை என்றது நிரல்.
இந்தத் தெருவில் வாழைப்பழம் வாயப்பயம்,
மழை பெய்யாது, மய பெய்யும்.
அதை நிரலுக்குச் சொல்லித்தர
எனக்கு இன்னும் வேளை வரவில்லை.

டார்த்தி மிஸ் அவன் நோட்டைக் காட்டினார்.
சிவப்பு மையில்
கோழிக் கிறுக்கல். சோம்பேறி.
அப்பாவை அழைத்து வா, நான்கு பக்கங்களில்.

ராத்திரி திரையில் போட்டுப் பார்த்தேன்.
தாளில் பட்டது கறுப்பு,
படாதது வெளிர்நீலம்.
கறுப்பு கையளவு.
நீலம் திரைக்குள் அடங்கவில்லை.
முதல் எழுத்துக்கு மேலேயே
பதினோரு வினாடி சுற்றியிருக்கிறது பேனா,
மொட்டைமாடிக் காத்தாடி மாதிரி
இறங்க இடம் பார்த்து,
இறங்கப் போய், எகிறி,
திரும்ப இடம் பார்த்து.
எடுத்துக்கொண்ட நேரத்தில்
நூற்றுக்கு அறுபத்தெட்டு காற்றில்.
இறங்கிய இடங்களில்
தாள் கிழியாதது ஆச்சரியம்.

நீலத்தை அளந்தேன். நான்கு மீட்டர் இருபது,
இரண்டரைச் சொல்லுக்கு.
சோம்பேறி இவ்வளவு தூரம் நடப்பானா?

அடுத்த வாரம் அவனுக்குக் காட்டினேன்.
"இந்த ப்ளூ யார் போட்டது?"
நீதான்.
"நான் எங்க எழுதுனேன் இத?"
திரையில் விரலை வைத்துக் கொஞ்ச தூரம் போனான்.
"இதுக்கு மார்க் உண்டாக்கா?"
இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது.

ஏலக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தார் அம்மா,
முழங்கையில் மீன்செதில்.
குறைபாடு என்ற சொல்லை நாங்கள் எழுதக்கூடாது,
டாக்டர்தான் எழுதவேண்டும்.
எங்கள் கடிதத்தில் 'வாய்ப்பு' என்றுதான் இருக்கும்,
பக்கத்தில் ஒரு தசம எண்.
படித்துச் சொன்னேன்.
"பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லியேம்மா?"

கடைசிப் பக்கத்தில் கோட்டைக் காட்டினேன்:
பெற்றோர் கையெழுத்து.
புடவையில் கையைத் துடைத்துப் பேனாவை வாங்கினார்.
கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே
அப்படியே வைத்திருந்தார்.
வெளியே ஐஸ் லாரி ஒன்று
ஹாரன் அடித்தபடி ரிவர்ஸ் எடுத்து முடித்தது.

தாளுக்கு அடியில் வெறும் பெஞ்சு.
நான் எண்ணவில்லை.